கணைய ஸ்கேன்: எனக்கு ஒன்று, தம்பிக்கு வேறொன்று

கிளினிக் லைனில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழுகிற கதை ஒன்று உண்டு. "வயித்த ஸ்கேன் பண்ணிப் பார்த்தவங்க, கணையம் நல்லா இருக்காம். அப்ப எனக்குச் சீனி வருத்தம் பெரிசா இல்ல." இதற்கு மறுபக்கமும் உண்டு. "கணையம் செத்துப் போச்செண்டு ஸ்கேனில தெரிஞ்சதாம், இனி ஊசிதானாம்." இரண்டுமே சரியில்லை. இங்கே ஸ்கேன் என்பது ஒலி அலையால் வயிற்றைப் பார்க்கிற சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதில் தெரிவது கணையத்தின் உருவம். அது வேலை செய்கிறதா, எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதெல்லாம் அந்தத் திரையில் வராது.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து பல வருடமாகிறது. என் தம்பி வயல் செய்கிறவன். அவனுக்கு முப்பதுகளின் தொடக்கத்திலேயே பிடிபட்டது. அம்மாவுக்கும் இருந்ததால், இது எங்கள் வீட்டுச் சொத்து, பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது என்று எல்லோரும் பேசாமல் ஏற்றுக்கொண்டோம். பிறகு வெவ்வேறு காரணங்களுக்காக இரண்டு பேருக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டி வந்தது. என் ஸ்கேனால் என் மருந்தில் ஒன்றும் மாறவில்லை. அவனுக்கு வருத்தத்தின் பெயரே மாறியது. ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டதையும், போய்வந்து பழகியதையும் எழுதுகிறேன். மருந்து அளவுகளை மட்டும் உங்கள் டொக்டரிடமே கேளுங்கள்.

முதலில் கணையம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் இலகு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் சதையி என்று படித்தது இதைத்தான். இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டுக்கு முன்னால், குறுக்காகப் படுத்திருக்கும். நீளம் ஏறக்குறைய 15 சென்ரிமீற்றர். தலைப்பக்கம் முன்சிறுகுடலின் வளைவுக்குள் இருக்கும், வால்பக்கம் இடது புறம் மண்ணீரல் வரை போகும். அதில் பெரும்பகுதி சாப்பாட்டைச் செரிக்கிற சாற்றைச் சுரக்கிற சதைதான். இன்சுலின் சுரக்கிற லாங்கர்ஹான்ஸ் சிறுதீவுகள் மொத்த நிறையில் 1 அல்லது 2 வீதம் மட்டும். ஒரு தீவின் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும். வயிற்றுக்கு மேல் கருவியை வைத்துப் பார்க்கிற ஸ்கேனில் அவ்வளவு சிறியது தெரிய வாய்ப்பே இல்லை.

அதனால்தான் பல வருடம் சீனி இருந்தவருக்கும் "கணையம் நோர்மல்" என்று ரிப்போர்ட் வரும். சிலருக்குக் கொஞ்சம் சிறுத்திருக்கும், கொழுப்பு சேர்ந்து வெளுத்துத் தெரியும். வயது போனாலும், உடம்பு வைத்தாலும் அப்படித்தான் தெரியும். சின்ன வயதிலேயே வருகிற வகை 1 நீரிழிவில் சிறுத்திருப்பது இன்னும் தெளிவாக இருக்கும். ஆனால் இதையெல்லாம் பார்த்து யாரும் குளிசையைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று கேட்டால், கடந்த சில மாதச் சராசரியைக் காட்டுகிற எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை சொல்லும். கணையம் இன்னும் இன்சுலின் சுரக்கிறதா என்று கேட்டால் சீ-பெப்டைட் என்ற இரத்தப் பரிசோதனை சொல்லும். தனியாரிடம் "சீனிக்காரருக்கான பக்கேஜ்" என்று வயிற்று ஸ்கேனையும் சேர்த்து விற்கிறார்கள். என்ன கேள்விக்குப் பதில் தேடுகிறோம் என்று தெரியாமல் அதற்குக் காசு கொடுப்பதை நான் வீண் என்றுதான் சொல்வேன். அந்தக் காசுக்கு குளுக்கோமீற்றர் ஸ்ட்ரிப் வாங்கி வைக்கலாம்.

எனக்கு ஸ்கேன் எழுதியது கணையத்துக்காக அல்ல. ஈரல் பரிசோதனையில் ஒரு இலக்கம் கூடியிருந்தது, வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரமும் இருந்தது. ஈரலில் கொழுப்பா, பித்தப்பையில் கல்லா என்று பார்க்கத்தான் ஸ்கேனுக்குத் துண்டு (எழுதித் தருகிற சீட்டு) தந்தார்கள். மேல் வயிற்றை ஸ்கேன் பண்ணும்போது கணையத்தையும் பார்ப்பது வழமை. அப்படித்தான் என் கணையம் திரைக்கு வந்தது, அல்லது வர மறுத்தது.

துண்டில் "8 மணித்தியாலம் சாப்பிடாமல் வரவும்" என்று எழுதியிருப்பார்கள். சில இடங்களில் 6 என்று இருக்கும். காரணம் இரண்டு. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தாலும் வடிவாகத் தெரியாது. மற்றது வாயு. கணையத்துக்கு முன்னால் இரைப்பையும் குடலும் கிடக்கின்றன. அவற்றுக்குள் காற்று நிறைந்திருந்தால் ஒலி அலை அதிலேயே பட்டுத் திரும்பிவிடும். உச்சி வெயிலில் கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்தால் மேல்தண்ணி கண்ணைக் கூசும், கீழே மீன் ஓடுகிறதா என்று தெரியாதே, அதே கதைதான்.

அதனால் முதல் நாள் இராச்சாப்பாட்டிலிருந்தே கவனிக்க வேண்டும். கடலை, பயறு, பலா, கோவா, சோடா எல்லாம் அன்றைக்கு வேண்டாம். இடியப்பமோ சோறோ அளவாகச் சாப்பிட்டு நேரத்தோடு படுத்துவிடலாம். விடிய எழும்பி பால் தேத்தண்ணி குடிக்கக் கூடாது. பாலில் கொழுப்பு இருக்கிறது, பித்தப்பை சுருங்கும். பச்சைத் தண்ணி குடிக்கலாமா என்று துண்டு தருகிற இடத்திலேயே கேட்டு வைப்பது நல்லது. பெரும்பாலும் குடிக்கலாம் என்பார்கள். எங்கள் பக்கத்து மூத்தவர்கள் மறந்துபோகிறது ஒன்று உண்டு: வெற்றிலை. "சாப்பிடவேயில்ல புள்ள" என்று சொல்லிக்கொண்டே வாய் நிறைய மென்றுகொண்டிருப்பார்கள். மெல்லும்போது எச்சிலோடு காற்றையும் விழுங்குகிறோம். சுவிங்கம், சிகரெட்டும் அப்படித்தான்.

இதெல்லாம் எல்லோருக்கும் பொது. சீனிக்காரருக்குத்தான் தனிச் சிக்கல் இருக்கிறது, அதை யாரும் துண்டில் எழுதுவதில்லை.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு எங்கள் பக்கத்தாருக்கு மட்டக்களப்புக்குப் போவது எவ்வளவோ இலகுவாகிவிட்டது. முன்பு பாதையில் (ஆட்களை ஏற்றுகிற மிதவையில்) வாவி கடந்த காலத்தை நினைத்தால் இது ஒன்றுமில்லை. ஆனாலும் உட்பக்க ஊர்களிலிருந்து வருகிறவர்கள் வெள்ளன எழும்பி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்துக் குந்தியிருக்க வேண்டும். உள்ளே கூப்பிடும்போது பத்து, பதினொரு மணியாகிவிடும். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவருக்குக் கணக்குப் பாருங்கள்.

அன்று எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா வெல்லாவெளிப் பக்கம் என்று சொன்னார். கொஞ்ச நேரம் நல்லாகக் கதைத்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். பார்த்தால் நெற்றியும் மேலுதடும் வேர்த்து மினுங்குகின்றன, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் இருந்த கிளினிக் கொப்பி நடுங்குகிறது. "என்னம்மா செய்யுது?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மகள், பசிதான்" என்றார். விடியக் குளிசை போட்டாரா என்று கேட்டேன். "சாப்பிட வேணாமெண்டுதானே சொன்னவங்க, குளிசை வேணாமெண்டு சொல்லலியே." தாதி மிஸ் ஓடிவந்து விரலில் குத்திச் சீனியைப் பார்த்தார். 54 (மி.கி./டெசிலீற்றர்). உடனே சீனி கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணித்தியாலத்தில் மறுபடியும் குத்தி, 70ஐத் தாண்டியதைப் பார்த்த பிறகுதான் விட்டார்கள். ஸ்கேனும் அன்றைக்கே நடந்தது. சீனித் தண்ணி குடித்ததால் ஸ்கேன் கெட்டுப் போகவில்லை. நிறையப் பேர் "குடிச்சா ஸ்கேன் எடுக்க மாட்டாங்க, மறுகா இன்னொரு நாள் அலையணும்" என்று பயந்து நடுக்கத்தை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள். சீனி 70க்குக் கீழே போனால் ஸ்கேனை மறந்துவிட்டு மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ கரைத்துக் குடிக்க வேண்டும். இதில் இரண்டாவது பேச்சே இல்லை.

ஆகவே துண்டு கையில் கிடைக்கும் அன்றைக்கே, "எனக்குச் சீனி, இந்த இந்த மருந்து போடுகிறேன், விடிய எதைப் போடுவது, எதை விடுவது?" என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொன்னது இது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் மாதிரிக் குளிசைகள் வெறும் வயிற்றிலும் சீனியை இறக்கும், சாப்பிடுகிற வரை போடக் கூடாது. மெட்போமின் தனியாகச் சீனியை அவ்வளவு இறக்காது, ஆனாலும் அது சாப்பாட்டோடு போடுகிற குளிசை, பிறகு போடலாம். காலையில் சாப்பாட்டுக்கு முன் போடுகிற கலவை இன்சுலினையும் சாப்பாடு வரும் நேரத்துக்கு நகர்த்த வேண்டும். இராவில் ஒரு தரம் போடுகிற நீண்ட நேர இன்சுலினைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. வகை 1 உள்ள பிள்ளைகளுக்கு அது ஆபத்து. பிரஷர் குளிசையை ஒரு மிடறு தண்ணியோடு போட்டுக்கொள்ளலாம். நம்பர் கொடுக்கிறவரிடம் "சீனிக்காரர், சாப்பிடாமல் வந்திருக்கிறேன்" என்று வாயைத் திறந்து சொன்னால் முன்னுக்கு எடுக்க முயற்சி செய்கிறார்கள். சும்மா இருந்தால் யாருக்குத் தெரியும்?

ஸ்கேன் அறை குளிர், வெளிச்சம் குறைவு. எனக்குப் பார்த்தவர் சிங்கள டொக்டர், எங்கள் பக்கம் வேலை செய்து பழகிய தமிழ். வயிற்றில் ஜெல்லைப் பூசி, நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே கருவியை வைத்து அழுத்தினார். கொஞ்சம் பலமாகத்தான் அழுத்துவார்கள், பயப்பட வேண்டாம். குடலுக்குள் இருக்கிற காற்றை விலக்கத்தான் அது. "மூச்சு எடுங்க, பிடிங்க." மூச்சை இழுத்துப் பிடித்தால் ஈரல் கீழே இறங்கி வரும். ஈரலின் இடது பகுதிக்குள்ளால் பார்த்தால் பின்னால் கிடக்கிற கணையம் தெரியும். அது போதாமல் "வயிறு பெரிசு பண்ணுங்க" என்றார். கர்ப்பிணி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு படுத்திருந்தேன். ஐம்பதை நெருங்குகிற ரீச்சருக்கு அது கொஞ்சம் வெட்கம்தான்.

திரை என் பக்கமும் கொஞ்சம் திரும்பியிருந்தது. கேட்டால் சொல்வார் போலத் தெரிந்ததால் கேட்டேன். குறுக்காக ஓடிய ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டினார். மண்ணீரலிலிருந்து வருகிற நாளம் அது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பட்டையாகக் கிடந்ததுதான் கணையத்தின் நடுப்பகுதி. தலையும் கொஞ்சம் தெரிந்தது. வால்பக்கம் முழுக்க வெள்ளைப் புகை. என்னை எழுப்பி உட்காரவைத்து, போத்தல் தண்ணி குடிக்கச் சொன்னார். பாதிப் போத்தல் போனது. இரைப்பையில் தண்ணி நிறைந்தால் காற்று மேலே போய்விடும், தண்ணிக்குள்ளால் ஒலி நன்றாகப் போகும். இருந்தபடியும், சரிந்து படுக்கவைத்தும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் தெரிந்தது, முழுக்க இல்லை.

இதில் சீனிக்காரருக்கு இன்னொரு விசயம் இருக்கிறது. பல வருடச் சீனியில் இரைப்பையின் நரம்புகள் தளர்ந்துபோகலாம். அப்போது இராச்சாப்பாடு காலையிலும் இரைப்பையிலேயே கிடக்கும். கொஞ்சம் சாப்பிட்டவுடனே வயிறு நிறைகிறது, இராத்திரிச் சாப்பிட்டது விடியப் புளித்து எதுக்களிக்கிறது என்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். ஒழுங்காகப் பட்டினி கிடந்தும் "சாப்பிட்டுட்டு வந்தீங்களா?" என்று ஸ்கேன் அறையில் ஏச்சு வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அது அவர்களுடைய பிழையில்லை.

ரிப்போர்ட்டில் எனக்கு ஈரலில் கொழுப்பு இரண்டாம் தரம் என்று வந்தது. வகை 2 சீனிக்காரரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது இருக்கிறது என்று சொல்லி, நிறையைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்குக் கீழே ஒரு வரி: பாங்கிரியாஸ், பார்ஷலி ஒப்ஸ்கியூர்ட் பை பவல் கேஸ். அதாவது, குடல் வாயுவால் கணையத்தின் ஒரு பகுதி மறைந்துவிட்டது. தெரிந்த பகுதி நன்றாக இருக்கிறது.

ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் நின்று வாசிக்க வேண்டிய வரி இதுதான். பார்க்க முடியவில்லை என்பது வேறு, பார்த்தோம், ஒன்றுமில்லை என்பது வேறு. கவுண்டரில் "எல்லாம் நோர்மல்" என்று ஒரே சொல்லில் சொல்லி அனுப்பினாலும், கணையத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், அல்லது வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள். அதற்காக அந்த வரியைக் கண்டவுடனே கவலைப்படவும் தேவையில்லை. வால்பகுதி தெரியாமல் போவது மிகச் சாதாரணம். எனக்கு வயிற்றுக்குத்து இல்லை, மெலியவில்லை, சீனி வந்து பல வருடம். அதனால் என் டொக்டர் திரும்ப எடுக்கத் தேவையில்லை என்றார். நானும் விட்டுவிட்டேன். இதே வரி தம்பியின் ரிப்போர்ட்டில் வந்திருந்தால் விட்டிருக்க முடியாது.

தம்பிக்குச் சாதாரண தரம் படிக்கிற காலத்திலேயே வயிற்றுக்குத்து வரும். மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னுக்குக் குனிந்து இருப்பான், அப்படி இருந்தால் கொஞ்சம் சுகம். கேஸ்ட்ரிக் என்று மருந்து எடுத்தோம். அம்மா கோயிலில் நூல் கட்டினார். வந்து வந்து போகும். ஆள் எப்போதும் ஒல்லி, வயல் வேலை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு ஒரு வெட்டுக் காலத்தில் தாகம் தாங்காமல், இரவில் பல தரம் எழும்பி, மெலிந்து, சோதித்தால் சீனி 300க்கு மேலே. மெட்போமின் தொடங்கினார்கள், பிறகு இன்னொரு குளிசை, பிறகு அளவைக் கூட்டினார்கள். சீனி இறங்கவில்லை. "வாயைக் கட்டுறானில்ல" என்றுதான் வீட்டில் பேச்சு. அவன் கட்டிக்கொண்டுதான் இருந்தான்.

கிளினிக்குக்குப் புதிதாக வந்த ஒரு டொக்டர் அவனைப் பார்த்துவிட்டு, குளிசையைப் பற்றிப் பேசாமல் வேறு கேள்வி கேட்டார். "மலம் எப்பிடிப் போகுது? எண்ணெய்த் தன்மையா, தண்ணியில மிதக்குதா?" தம்பி என்னைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான். நான் வெளியே போய் நின்றேன். பிறகுதான் தெரிந்தது, வருடக்கணக்காக அப்படித்தான். வெளிறி, நாற்றம் கூடி, எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் போகாமல் மிதக்குமாம். வாளி வாளியாக ஊத்திவிட்டு வருவானாம். அக்காவிடமும் அம்மாவிடமும் சொல்கிற விசயமா அது? ஆனால் அதுதான் திறப்பு. கணையத்தின் செரிமானச் சாறு குறைந்தால் சாப்பாட்டிலுள்ள கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியே போகும். சீனி வருத்தத்தோடு இதுவும் இருந்தால், பிரச்சினை முழுக் கணையத்திலும் இருக்கலாம் என்று அர்த்தம்.

அவனுக்கு எண்டோஸ்கொப்பியும் (வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்ப்பது) ஸ்கேனும் எழுதினார்கள், இரண்டும் ஒரே நாளில் விழப் பார்த்தது. ஸ்கேன் முதலில் இருக்கட்டும் என்று மிஸ் மாற்றித் தந்தார். கமரா விடும்போது வயிற்றுக்குள் காற்று ஊதுவார்கள், அதற்குப் பிறகு ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. இப்படி இரண்டு துண்டு கையில் இருந்தால் நீங்களும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒல்லி ஆட்களுக்கு ஸ்கேன் வடிவாகத் தெரியும். அவனுக்கு கணையம் சிறுத்து, உள்ளே வெள்ளையாகப் பளிச்சென்ற துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் கறுப்பாக ஒரு நிழல். கல். நடுவில் ஓடுகிற குழாய் சாதாரணமாக 3 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், அவனுக்கு 8. பிறகு எடுத்த சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலும் முள்ளந்தண்டின் இரு பக்கமும் அந்தக் கற்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. எக்ஸ்ரேயை முன்பே எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும், ஆனால் கேஸ்ட்ரிக்குக்கு யார் எக்ஸ்ரே எடுக்கப் போகிறார்கள்?

செய்தி ஊரில் பரவியதும் வந்த முதல் கேள்வி, "தம்பி தண்ணி போடுறவரா?" கணையம் என்றவுடன் சாராயம், கசிப்பு என்று நினைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதில் நியாயமும் இருக்கிறது. குடியும் புகையும் கணையத்தை நாசமாக்கும் பெரிய காரணங்கள். ஆனால் தம்பி வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. வெப்பமண்டல நாடுகளில், இளம் வயதில், குடிக்காத ஒல்லியான ஆட்களுக்கும் கணையத்தில் கல் கட்டி, அழற்சி வந்து, கடைசியில் சீனி வருகிற ஒரு வகை இருக்கிறது. கணையக் கல் நீரிழிவு என்பார்கள், தம்பிக்கு வந்தது அதுதான். 1959இல் சுயிடெமா என்பவர் இந்தோனேசியாவில் இதை விவரித்தார். பிறகு கேரளத்தில் கீவர்கீஸ் என்ற டொக்டர் நிறைய நோயாளரைப் பார்த்து எழுதினார். ஒரு காலம் மரவள்ளிக் கிழங்கைக் குற்றம் சாட்டினார்கள், அது நிரூபணமாகவில்லை. பிறகு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது பலரிடம் தெரியவந்தது. மரவள்ளிக் கதையை அம்மா எங்கேயோ கேட்டுவிட்டு, "நான்தான் அவிச்சு அவிச்சுக் குடுத்தேன் மனே" என்று அழுதார். அதுக்கும் இதுக்கும் தொடர்பு காட்ட முடியவில்லையாம் அம்மா என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. நாங்கள் எல்லோரும் அதே கிழங்கைத்தானே சாப்பிட்டோம்.

அவனுக்கு குளிசையைக் குறைத்து இன்சுலின் தொடங்கினார்கள். கூடவே கணைய நொதிக் குளிசை. அதைப் போடுகிற விதம் முக்கியம். வெறும் வயிற்றில் போட்டால் பிரயோசனமில்லை, சாப்பாட்டின் முதல் வாயோடும், பெரிய சாப்பாடென்றால் நடுவிலும் போட வேண்டும். மெல்லக் கூடாது. சோறு, கறி என்று கொழுப்போடு சாப்பிடுகிற ஒவ்வொரு வேளைக்கும் வேண்டும். பிளேன்டீக்குத் தேவையில்லை. சில மாதத்தில் உடம்பு தேறியது, அந்த மிதக்கிற பிரச்சினையும் நின்றது. பீடி பிடிப்பான், அதை நிறுத்தச் சொல்லி டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நிறுத்திவிட்டான், இடைக்கிடை மணக்கிறது என்று மச்சாள் சொல்கிறார், அது வேறு கதை.

இங்கே வயதானவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாத ஆட்கள் அவர்கள். அறுபது வயதில் ஒருவருக்குப் புதிதாகச் சீனி வருகிறது, அதோடு காரணமில்லாமல் மெலிகிறார், சாப்பாடு மனதுக்குப் பிடிக்கவில்லை, முதுகு குத்துகிறது. எங்கள் ஊரில் "சீனி வந்தா மெலியத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவார்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சீனி பிடிபடுகிறவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு மூன்று வருடத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரியவருகிறது என்று 2005இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு இல்லை என்பதும் அதே கணக்குத்தான், புதிதாகச் சீனி வந்த எல்லோரும் ஸ்கேனுக்கு ஓடத் தேவையில்லை. ஆனால் 60 தாண்டியவர், புதிய சீனி, மெலிவு என்று மூன்றும் சேர்ந்தால் இரண்டு கிழமைக்குள் சீடீ ஸ்கேன், அது கிடைக்காவிட்டால் சாதாரண ஸ்கேனாவது எடுக்க யோசிக்கச் சொல்லி பிரிட்டனில் டொக்டர்மாருக்கு வழிகாட்டி எழுதுகிற நைஸ் நிறுவனம் எழுதியிருக்கிறது. சீடீயை முன்னுக்கு வைத்ததற்குக் காரணம், சின்னக் கட்டிகளும் வாலில் உள்ளவையும் சாதாரண ஸ்கேனில் தவறிப்போகும். இப்படிப்பட்டவரின் ரிப்போர்ட்டில் "வாயுவால் மறைந்துவிட்டது" என்று இருந்தால், அதோடு வீட்டுக்குத் திரும்பாமல் அடுத்தது என்ன என்று கேட்க வேண்டும். கண் மஞ்சளாகி மூத்திரமும் கடுமஞ்சளானால் கிளினிக் திகதியே பார்க்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

சீடீக்கு மை ஏற்றுவார்கள். அது சிறுநீரகம் வழியாக வெளியே போக வேண்டும், அதனால் முதலில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுகிற கிரியற்றினின் என்ற இரத்தப் பரிசோதனையைப் பார்ப்பார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மெட்போமினைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். தம்பிக்கு சீடீ எடுத்தபோது கிரியற்றினின் ரிப்போர்ட் பழசு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எத்தனை நாளைக்குள் எடுத்தது வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் கொண்டுபோக வேண்டும், படத்தையும் சேர்த்து. குழாய் 8 மில்லிமீற்றர் என்பது போன தடவையும் 8ஆ, 5ஆ என்பதில்தான் டொக்டருக்கு விசயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளத்துக்கு ஒரு தரம் எல்லாம் நனைந்ததிலிருந்து, ரிப்போர்ட் வந்தவுடன் போனில் படம் எடுத்து வைத்துவிடுகிறேன்.

தம்பிக்கு இன்னும் இரண்டு விசயம் சொல்லியிருக்கிறார்கள். கணையம் முழுக்கப் பழுதானவர்களுக்கு இன்சுலின் மட்டுமல்ல, சீனியை ஏற்றுகிற குளுக்ககோனும் குறைகிறது. அதனால் இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு பிந்தினால் சீனி வேகமாக இறங்கும், தானாக ஏறாது. வயலுக்குப் போகிற நாட்களில் அளவை எப்படி வைப்பது என்று தனியாக எழுதித் தந்திருக்கிறார்கள். மற்றது, இப்படிப் பல வருடம் அழற்சியோடு இருந்த கணையத்தில் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. எந்த ஸ்கேனும் அதைத் தவறாமல் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. வலியின் போக்கு மாறினால், சாப்பிட்டும் மெலிந்தால், இன்சுலின் அளவு திடீரென்று கூடினால், அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் நேரே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவனுடைய கொப்பியின் முன்மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அவனுக்காக அல்ல, மச்சாளுக்காக.